மலைப்பனிக்கு எத்தனை அங்குலம்?

அமெரிக்கா, கனடா நாடுகளின் மேற்கு மலைத்தொடர்களில் ஓட்டுவதற்கென்று ஸ்னோமொபைல் வாங்கப் போகிறவர்கள் முதலில் எஞ்சினைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆனால் அங்கே தேர்வு குறைவு. முன்னணி மலை வண்டிகளில் பெரும்பாலானவை 800, 850 சிசி அளவிலான டூ-ஸ்ட்ரோக் எஞ்சினோடு வருகின்றன; ஒன்றுக்கொன்று வலுவில் பெரிய வேறுபாடு இல்லை. உண்மையான தேர்வு வண்டிக்கு அடியில் சுழலும் ரப்பர் பட்டையில் இருக்கிறது. 146, 154, 165, 175 என்று அங்குலக் கணக்கில் விற்கப்படும் அந்த நீளம்தான் வண்டி ஆழ்பனியில் மிதக்குமா புதையுமா, மரங்களுக்கிடையே வளையுமா முட்டுமா என்பதைப் பெருமளவு முடிவு செய்கிறது. வாங்கிய பிறகு மாற்றுவதும் எளிதல்ல. பட்டை நீண்டால் அதைத் தாங்கும் சறுக்குத் தண்டுகளும், அதை மூடியிருக்கும் அலுமினியக் கூடும் சேர்ந்தே நீள வேண்டும்.

இந்தத் தேர்வில் ஒரு நம்பிக்கை வெகுகாலமாக ஆட்சி செய்கிறது: மலைக்கு என்றால் நீளம் கூடக்கூட நல்லது. இதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. இதற்கு வரலாற்றுச் சான்றும் உண்டு, இயற்பியல் நியாயமும் உண்டு. ஆனாலும் இது பாதி உண்மைதான். மிதப்பு, ஏற்றம், திருப்பம், எஞ்சின் வலு, ஓட்டுபவரின் பாதுகாப்பு என்ற ஐந்தையும் தனித்தனியே எடைபோட்டால், நீளம் ஒரு கட்டம்வரை தாராளமாகக் கொடுக்கிறது என்பதும், அதற்குப் பிறகு கொடுப்பதைவிட அதிகம் வாங்கிக்கொள்கிறது என்பதும் தெரியும். அந்தக் கட்டம் எங்கே வருகிறது என்பதே இங்கு ஆராய வேண்டிய கேள்வி.

நீண்டுவந்த வரலாறு

ஜோசப்-ஆர்மண்ட் பம்பார்டியர் 1959-இல் கியூபெக்கின் வால்கோர்ட்டில் முதல் ஸ்கீ-டூ வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அவர் மனத்தில் இருந்தவை கனடாவின் சமதளப் பனிவெளிகள். முன்னால் திசை திருப்ப இரண்டு ஸ்கீகள், பின்னால் தள்ளிச் செல்ல ஒரு ரப்பர் பட்டை. அந்த அமைப்பு இன்றுவரை மாறவில்லை. தயார் செய்யப்பட்ட பனிப்பாதைகளில் ஓடும் வண்டிகளுக்கு 120 முதல் 137 அங்குலம் வரையான பட்டை இன்றும் போதுமானதாக இருக்கிறது.

மலை கேட்டது வேறு. அங்கே பாதை கிடையாது; இடுப்பளவு புதுப்பனியும் செங்குத்தான சரிவும்தான். ஸ்கீ-டூவின் சம்மிட் வரிசை 1994-இலும், போலாரிஸ் நிறுவனத்தின் ஆர்எம்கே வரிசை 1996-இலும் மலைக்கென்றே வந்தன. அந்தக் காலத்து மலை வண்டிகளில் 136 அங்குலமே நீளமான பட்டை. பிறகு 144, 151, 159, 163 என்று ஏறி, 2015-ஆம் ஆண்டின் சம்மிட் மாடலில் 174 அங்குலத்தைத் தொட்டது. ஒவ்வொரு படியிலும் முன்பு சிக்கிக்கொண்ட இடத்தை வண்டி கடந்தது. நீளமே நன்மை என்ற நம்பிக்கை இந்த அனுபவத்தில் விளைந்தது. 136-லிருந்து 154-க்கு வந்தவர்களுக்கு அது முழுக்க நியாயமான முடிவு. அந்த முன்னேற்றம் அதே வேகத்தில் 165-லும் 175-லும் தொடர்கிறதா என்பதை மட்டும் யாரும் சரியாகக் கேட்கவில்லை.

மிதப்பு: எண் சொல்வதும் பனி பெறுவதும்

எண்ணைச் சரியாகப் படிக்க வேண்டும். 154 அங்குலம் என்பது பட்டையை ஒரு முழுச் சுற்று அளந்த நீளம். எந்தக் கணத்திலும் அதில் பாதிக்கும் குறைவாகவே தரையில் படியும். மீதி மேல்பக்கமாகத் திரும்பிக்கொண்டிருக்கும். தோராயமாக 60 அங்குலம் பனியில் படிகிறது என்று வைத்துக்கொள்வோம். 154-லிருந்து 165-க்குப் போனால் கூடுவது 11 அங்குலம். அதில் பாதி மேலே போய்விடும். பனிக்குக் கிடைப்பது ஐந்தரை அங்குலம். பட்டையின் அகலம் 16 அங்குலம் என்றால் கூடுதல் பரப்பு 88 சதுர அங்குலம், அதாவது ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு.

இந்த 9 விழுக்காட்டை அற்பமாக நினைக்கக் கூடாது. பனிமலையில் ஒரு வண்டி புதைவது படிப்படியாக நடப்பதில்லை. பனி தாங்கும் அளவை அழுத்தம் சற்றே மீறும்போது பட்டை சுழன்று தனக்குக் கீழே பள்ளம் பறிக்கும். பள்ளம் ஆழமானதும் வண்டியின் வயிறு பனியில் உட்காரும். அதன்பின் மண்வாரிதான் துணை. சேற்று வயலைக் கடக்கப் பலகை போடுகிறவர் அறிந்த கணக்கு இது: தாங்கும் எல்லைக்கு இந்தப் பக்கம் நிற்கிறோமா அந்தப் பக்கமா என்பதை ஒரு சாண் பலகை முடிவு செய்துவிடும். அதனால் எல்லைக்கு அருகில் இருப்பவருக்கு அந்த ஐந்தரை அங்குலம் பெரிய வரம். எல்லைக்கு வெகுதூரம் இப்பாலேயே இருப்பவருக்கு அதனால் பெரிதாக ஒன்றும் மாறாது.

யார் எல்லைக்கு அருகில் இருக்கிறார்கள்? இரண்டு வகையினர். முதலாமவர் எடை கூடிய ஓட்டுநர். எரிபொருள் நிரப்பிய வண்டி, ஓட்டுநர், உடைகள், முதுகுப்பை, மண்வாரி எல்லாம் சேர்ந்த மொத்தம் 350 கிலோவை எளிதில் தொடும்; ஓட்டுநர் மற்றவரைவிட 30 கிலோ கனமானவர் என்றால் அதுவே 9 விழுக்காட்டு அழுத்தம். அதாவது 154-க்கும் 165-க்கும் உள்ள வேறுபாடு முழுவதையும் அவர் உடலே தின்றுவிடுகிறது. இரண்டாமவர் வறண்ட பனியில் ஓட்டுபவர். பசிபிக் கடலோர மலைகளில் விழும் பனி ஈரமும் கனமும் கொண்டது. விரைவில் அமர்ந்து வண்டியைத் தாங்கத் தொடங்கும். உள்நாட்டு ராக்கி மலைகளில், வயோமிங்கிலும் கொலராடோவிலும், விழும் புதுப்பனியில் நீரின் பங்கு பல நேரம் நூற்றுக்கு ஏழெட்டுதான். அது மாவைப் போல் விலகிக்கொடுக்குமே தவிரத் தாங்காது. ஒரே வண்டி ஓரிடத்தில் மிதந்து மற்றோரிடத்தில் புதைவது இதனால்தான்.

பரப்பைக் கூட்ட நீளம் ஒன்றே வழியும் அல்ல. 15 அங்குலப் பட்டையை 16 ஆக்கினால் 60 சதுர அங்குலம் கிடைக்கும். 11 அங்குல நீளம் தருவதில் மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் அகலமான பட்டையை ஒரு பக்கமாகச் சாய்ப்பது கடினம். மலையில் வண்டியைத் திருப்புவதே சாய்த்துத்தான் என்பதால் அந்த விலையும் சிறியதல்ல.

பட்டையின் மேல் வரிசை வரிசையாக நிற்கும் பற்களின் உயரத்தையும் நீளத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டரை அங்குலப் பல்லும் மூன்று அங்குலப் பல்லும் செய்வது பனியைப் பற்றித் தள்ளும் வேலையை. மிதப்பைத் தருவது பரப்பு. பிடிப்பைத் தருவது பல். மிதப்பு போதாதவர் உயரமான பல் வாங்கினால் பள்ளம் இன்னும் வேகமாகப் பறிபடும்.

ஏற்றம்: நீளத்தின் வலுவான வாதம்

ஏற்றத்தில் நீளத்தின் கட்சி மிக வலுவானது. பற்களின் வரிசைகளுக்கிடையே 3 அங்குல இடைவெளி என்றால், ஐந்தரை அங்குலக் கூடுதல் தொடுநீளம் ஏறக்குறைய இரண்டு வரிசைப் பற்களைக் கூடுதலாகப் பனியில் பதிக்கிறது. 20 வரிசை பிடித்த இடத்தில் 22 வரிசை பிடிக்கிறது. அதோடு, தாங்குமிடம் பின்னோக்கி நகர்வதால் செங்குத்துச் சரிவில் வண்டியின் மூக்கு மேலே எழும்பிப் பின்பக்கம் கவிழும் போக்கும் குறைகிறது. குட்டையான வண்டியில் ஓட்டுநர் முன்னால் சாய்ந்து, வேகத்தைக் கூட்டிக் குறைத்து, உடலால் சமன்செய்ய வேண்டியதை நீளமான வண்டி தானே செய்துகொள்கிறது. வயோமிங்கின் ஜாக்சன் நகரை ஒட்டிய ஸ்னோ கிங் மலையில் நடக்கும் ஏற்றப் போட்டியைப் பார்த்தவர்களுக்கு இந்த ஈர்ப்பு புரியும். யார் அதிக உயரத்தை அதிக வேகத்தில் தொடுகிறார் என்பதே அங்கே அளவுகோல்.

ஆனால் அந்த அளவுகோலை ஒருவருடைய வார இறுதிக்கு இரவல் வாங்குவதில்தான் தவறு தொடங்குகிறது. மலையோட்டத்தின் பெரும்பகுதி உச்சியை நோக்கிய நேர்கோட்டு ஏற்றத்தில் கழிவதில்லை. மரங்களுக்கிடையே வழி கண்டுபிடிப்பதிலும், சரிவைக் குறுக்காகக் கடப்பதிலும், ஓடைப் பள்ளங்களில் இறங்கி ஏறுவதிலும் கழிகிறது. வருடத்தில் மிகச் சில நிமிடங்கள் தேவைப்படும் திறனுக்காக, மற்ற நேரம் முழுவதும் விலை கொடுக்க வேண்டுமா என்று கேட்டாக வேண்டும்.

திருப்பம்: விலை இங்கேதான் தெரிகிறது

ஆழ்பனியில் வண்டி திரும்பும்போது பட்டையின் பக்கவாட்டில் பனி ஒரு சுவராக நின்று எதிர்க்கிறது. ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் ஒரே அளவு எதிர்ப்பு என்று கொண்டால், நடுப்புள்ளியிலிருந்து தள்ளிப்போகும் ஒவ்வோர் அங்குலமும் முந்தையதைவிட அதிக நெம்புகோல் வலிமையோடு எதிர்க்கும். கணக்கிட்டுப் பார்த்தால் திருப்பத்துக்கான எதிர்ப்பு நீளத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. 60 அங்குலத் தொடுநீளம் அறுபத்தைந்தரை ஆகும்போது மிதப்பில் கிடைப்பது 9 விழுக்காடு. திருப்பத்தில் இழப்பது ஏறத்தாழ 19 விழுக்காடு. நடைமுறையில் வண்டியைச் சாய்த்து ஒரு விளிம்பில் ஓட்டுவதால் இந்த இழப்பு குறையும். ஆனாலும் போக்கு மாறாது: லாபம் ஒரு மடங்கு வேகத்தில் வளர, நட்டம் இரண்டு மடங்கு வேகத்தில் வளர்கிறது. நீளத்துக்கு ஓர் எல்லை இருக்கத்தான் வேண்டும் என்று சொல்வதற்கு இதைவிடத் தெளிவான காரணம் இல்லை.

இந்த நட்டத்தைக் குறைக்க நிறுவனங்கள் செய்திருக்கும் வேலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2013 மாடலில் ஸ்கீ-டூ பின்சஸ்பென்ஷன் பக்கவாட்டில் சற்றே சாயும்படி செய்து, பட்டையின் விளிம்புகளை வளையவும் விட்டது. 2019 மாடலில் ஆர்க்டிக் கேட் வழக்கமான இரட்டைத் தண்டுகளுக்குப் பதிலாக ஒற்றைத் தண்டில் பட்டையை ஓட்டியது. இவற்றால் இன்றைய 165 அங்குல வண்டி பழைய தலைமுறையின் அதே நீள வண்டியைவிட எளிதாகச் சாய்கிறது. நீளத்தின் கட்சியினர் இதைத் தங்கள் சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் அதே மேம்பாடு 154-க்கும் கிடைத்திருக்கிறது. தரம் இருபக்கமும் உயர்ந்தால் இடைவெளி அப்படியே நிற்கும்.

நீளத்துக்கு ஆதரவான ஒரு நுட்பமான வாதம் உண்டு. அதைத் தட்டிவிடக் கூடாது. சரிவைக் குறுக்காகக் கடக்கும்போது நீளமான விளிம்பு பனியை உறுதியாகப் பற்றிக்கொள்கிறது. சாய்ப்பதற்குச் சிரமம் கொடுத்தாலும், சாய்த்த பிறகு கோட்டை விட்டு நழுவாது. குட்டையான வண்டி சட்டென்று சாயும். அதே வேகத்தில் பின்பக்கம் சரிவில் வழுக்கவும் செய்யும். ஆகவே குட்டை என்றால் எல்லாத் திருப்பத்திலும் மேல் என்பதும் பொய். குட்டை வண்டி ஓட்டுநரின் கையையும் உடலையும் நம்பியிருக்கிறது. நீள வண்டி தன் நிலைத்தன்மையை நம்பியிருக்கிறது.

குட்டைப் பட்டையின் மேல் இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு. மரக்காட்டில் லாகவமானது 146 என்று பலர் சொல்வார்கள். இறுகிய பனியில் அது சரி. புதுப்பனி ஆழமாகக் கிடக்கும் நாளில் 146 மிதக்க வேண்டுமானால் வேகம் வேண்டும். வேகம் குறைந்தால் புதையும். வேகம் கூடினால் அடுத்த மரத்துக்கு முன் முடிவெடுக்க நேரம் இருக்காது. மரங்களுக்கிடையே மெதுவாகவும் மிதந்தும் போக முடிவதே உண்மையான லாகவம். அந்த வகையில் 154 அல்லது 155 அங்குலம் 146-ஐவிடத் தெளிவாக உயர்ந்தது. அரைத் திராட்டிலில், நடக்கிற வேகத்துக்குச் சற்று மேலே, பனியின் மேற்பரப்பில் நிற்கும் மிதப்பு அதற்கு உண்டு. ஒரு சராசரி மனிதரின் உடல்பலத்தால் சாய்க்கக்கூடிய அளவிலும் அது இருக்கிறது.

எஞ்சின் வலு: மலை வசூலிக்கும் வரி

நீளமான பட்டையைச் சுழற்ற வலு வேண்டும். ரப்பரை வளைத்து நிமிர்த்துவதிலும், தண்டுகளின்மேல் உரசலிலும், கூடுதல் பற்களைப் பனியில் இழுப்பதிலும் அது கரைகிறது. அதே சமயம் உயரம் எஞ்சினிடமிருந்து பறிக்கிறது. கடல்மட்டத்தில் இருக்கும் காற்றடர்த்தியில் 2000 மீட்டரில் சுமார் 82 விழுக்காடும் 3000 மீட்டரில் சுமார் 74 விழுக்காடும்தான் மிஞ்சும். டர்போ இல்லாத எஞ்சினின் வலுவும் ஏறக்குறைய அதே விகிதத்தில் இறங்கும். ஸ்கீ-டூவின் 850 எஞ்சினுக்குச் சொல்லப்படும் 165 குதிரைத்திறன், 3000 மீட்டரை ஒட்டிய வயோமிங்கின் டோக்வோட்டி கணவாயில் 120-ஐ ஒட்டி நிற்கும். 600 சிசி எஞ்சினின் 120 சொச்சம் குதிரைத்திறன் அங்கே 90-க்கு இறங்கிவிடும்.

இதில் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. மிதப்பு மிகவும் தேவைப்படும் உயரமான, வறண்ட பனி உள்ள இடத்தில்தான் நீளமான பட்டையைச் சுழற்ற வலு குறைவு. வலு போதாமல் பட்டை தன் வேகத்தை எட்டாவிட்டால், மிதப்புக்காக வாங்கிய நீளமே சுமையாகிவிடும். 600 சிசி வண்டியில் 165 அங்குலமும் 3 அங்குலப் பல்லும் போடுவதை எந்த உயரத்திலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். 2020 மாடலில் ஸ்கீ-டூ கொண்டுவந்த தொழிற்சாலை டர்போ, 165 குதிரைத்திறனை 8000 அடி வரை குறையாமல் தருவதாக அறிவிக்கப்பட்டது. 2022 மாடலில் போலாரிஸும் டர்போவோடு வந்தது. 165, 175 அங்குலப் பட்டைகளுக்கு உயரத்தில் முழு நியாயம் செய்வது இத்தகைய எஞ்சின்களே.

இளவேனிலையும் மறக்கக் கூடாது. பனி இறுகும் மாதங்களில் பட்டை வாரி எறியும் தூள்பனி குறையும். கூட்டுக்கு அடியிலுள்ள குளிர்விப்பான் அந்தத் தூளை நம்பியே எஞ்சினைக் குளிர்விக்கிறது. தண்டுகளின் பிளாஸ்டிக் பட்டிகளுக்கும் அதுவே மசகு. நீளமான பட்டைக்கு உரசும் பரப்பு அதிகம் என்பதால் இந்தத் தேய்மானமும் அதற்கே அதிகம்.

பாதுகாப்பு: கணக்கில் வராத அங்குலங்கள்

கடைசியாக வைத்தாலும் என் தராசில் கனமானது இதுதான். புதிதாக மலைக்கு வருகிறவருக்கு நீளமான வண்டியே பாதுகாப்பு என்று நல்லெண்ணத்தோடு அறிவுரை சொல்கிறார்கள். அவர் குறைவாகச் சிக்கிக்கொள்வார், குறைவாகக் களைப்பார், திராட்டில் தவறுகளை வண்டி மன்னிக்கும். இவை மூன்றும் உண்மை. களைப்பே விபத்துகளுக்கு வாசல் என்பதால் இந்த வாதத்தை மதிக்கிறேன்.

ஆனால் வண்டி மன்னிப்பதை மலை மன்னிப்பதில்லை. பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரையான சரிவுகளில் கிளம்புகின்றன. நீளமான பட்டை புதிதாகத் திறந்துவிடும் நிலமும் அதுவே. குட்டை வண்டியோடு 25 டிகிரியில் திணறி நின்றுவிடும் கற்றுக்குட்டி, 165-ஓடு 35 டிகிரிச் சரிவின் நடுவில் போய் நிற்பார். அந்தப் பனியின் அடுக்குகளைப் படிக்கத் தெரியாமலேயே அங்கே போய்ச் சேர்ந்திருப்பார். பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரெவல்ஸ்டோக் அருகே போல்டர் மலையில் 2010 மார்ச் 13 அன்று ஸ்னோமொபைல் ஓட்டிகள் திரண்டிருந்த இடத்தில் பனிச்சரிவு பாய்ந்து 2 பேரைக் கொன்றது. 30 பேர்வரை காயமடைந்தார்கள். உச்சியை நோக்கி யார் அதிக உயரம் கோடு போடுவது என்ற ஆட்டத்தில் ஆபத்து ஏறுபவரோடு நிற்பதில்லை, கீழே நிற்பவர்களையும் தேடி வருகிறது என்பதற்கு அந்த நாள் சாட்சி. இதற்குப் பட்டையின் நீளம் காரணம் என்று சொல்லவில்லை. திறமைக்கு முன்னால் திறனை வாங்கித் தரும் எந்தக் கருவியும் அந்த இடைவெளியை ஆபத்தால் நிரப்புகிறது என்பதே என் வாதம்.

தீர்ப்பு

ஐந்து எடைகளையும் கூட்டிப் பார்த்தால், 850 சிசி வண்டியில் மலைக்குப் போகும் பெரும்பாலோருக்கு உரிய நீளம் 154 அல்லது 155 அங்குலம். பல்லின் உயரம் இரண்டரை முதல் இரண்டேமுக்கால் அங்குலம். மெதுவாக மிதக்கும், மனித பலத்துக்குத் திரும்பும், உயரத்திலும் எஞ்சினால் சுழற்ற முடியும். இந்த மூன்றையும் ஒருசேரத் தரும் கடைசிப் படி அதுதான். அதைக் கடந்து போக வேண்டும் என்பவர் அதற்கான காரணத்தைக் காட்ட வேண்டும்.

165-க்கு அந்தக் காரணம் இருக்க முடியும். எஞ்சின் 850-க்குக் குறையாமல் இருப்பது கட்டாயம். அதோடு, உடையும் பையும் சேர்ந்து ஓட்டுநரின் எடை 110 கிலோவைத் தாண்ட வேண்டும். அல்லது அவர் பெரும்பாலான நாட்களில் ஓட்டும் நிலம் 2500 மீட்டருக்கு மேல், வறண்ட ஆழ்பனியாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று உண்மையானால் 165 சரியான தேர்வு. இரண்டுமே உண்மையானால் 154 வாங்குவது தவறு. 175 அங்குலம் டர்போ எஞ்சினும் திறந்த மலைவெளியும் உள்ளவர்களுக்கும், சுமையோடு முதல் தடம் போட வேண்டிய வழிகாட்டிகளுக்கும் உரியது. மரக்காட்டில் பொழுதைக் கழிப்பவருக்கு அது வீண். 146 அங்குலம் எடை குறைந்தவர்களுக்கும், 600 சிசி வண்டிகளுக்கும், பனிப்பாதையையும் மலையையும் கலந்து ஓட்டுபவர்களுக்கும் நேர்மையான தேர்வு. குட்டை வண்டியை உடலால் ஆளத் தெரிந்த தேர்ந்த ஓட்டுநர்கள் அதில் காட்டும் வித்தையைப் பார்த்து மற்றவர்கள் வாங்கக் கூடாது.

கற்றுக்கொள்பவருக்கும் இதே தீர்ப்புதான், ஒரு நிபந்தனையோடு. 154-க்கும் 165-க்கும் இடையே உள்ள விலை வேறுபாட்டைப் பனிச்சரிவுப் பயிற்சி வகுப்புக்கும், இருப்பிடம் காட்டும் டிரான்ஸ்சீவர், துழாவு கோல், மண்வாரி ஆகிய மூன்றுக்கும் செலவிடட்டும். ஐந்தரை அங்குலம் அவரை ஒரு சரிவில் ஏற்றிவிடும். அந்தச் சரிவில் ஏறலாமா என்பதைப் பயிற்சிதான் சொல்லித் தரும். கடைக்காரரிடம் நீளம் கேட்பதற்கு முன் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே விடை சொல்லிக்கொள்ள வேண்டிய கேள்வி இது: வருடத்தின் மிகச் சிறந்த ஒரு நாளின் மிகச் செங்குத்தான சரிவுக்காக வாங்குகிறேனா, மற்ற எல்லா நாட்களுக்காகவும் வாங்குகிறேனா? இரண்டாவது விடையைச் சொல்பவர்களில் பெரும்பாலோர் 154-லேயே நிற்பார்கள். அது குறைவில் திருப்தியடைவது ஆகாது, சரியான அளவை எடுத்துக்கொள்வது.